கால் பிசகிப்போச்சுங்க: கணுக்கால் வலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பதினான்கு வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். முதுகுவலிக்காரர்களும் முட்டிவலிக்காரர்களும் அதற்கென்றே நேரம் ஒதுக்கி வருவார்கள். கணுக்கால் வலி அப்படி வராது. வேறு எதற்கோ வந்தவர், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்தக் கால்கூட ஆறு மாசமா ஒரு மாதிரி இருக்குங்க மேடம்" என்பார். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்று செக்கிங் பார்க்கிற அக்காவும் கேட்பது அதையேதான், கபடி ஆடுகிற தம்பியும் கேட்பது அதையேதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கும் இடங்களில் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள்.

நரம்பு பிசகிருச்சுங்கிறாங்க, ஜவ்வு கிழிஞ்சிருச்சுங்கிறாங்க. எதுங்க உண்மை?

பெரும்பாலும் ஜவ்வுதான். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் தசைநாரைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம், டாக்டர் லிகமென்ட் என்று எழுதுவார். நரம்பு என்பது மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகிற கம்பி மாதிரி, அது "பிசகுவது" கிடையாது. பேச்சில் எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, ஆனால் நரம்பு புரண்டுவிட்டது என்று நம்பினால் அதைப் புரட்டி நேராக்க ஒருவரைத் தேடிப் போவீர்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கணுக்கால் மூட்டில் மூன்று எலும்புகள். முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டு எலும்புகளும் இடுக்கி மாதிரி இரண்டு பக்கமும் பிடித்திருக்க, நடுவில் தாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கும். தாலஸ் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் தரையில் சமமாக இருக்கும்போது அகலமான பகுதி இடுக்கிக்குள் இறுகி நிற்கும். விரல் நுனி கீழ்நோக்கி இருக்கும்போது குறுகலான பகுதி வந்து மூட்டு கொஞ்சம் தளர்ந்துவிடும். படியிறங்கும்போதும், பஸ்ஸிலிருந்து குதிக்கும்போதும், பந்துக்கு எம்பி இறங்கும்போதும் கால் மடங்குவதற்குக் காரணம் இதுதான். பாதம் உள்பக்கம் திரும்பி, வெளிப்பக்க ஜவ்வு இழுபடும். அதிலும் முதலில் அடிவாங்குவது வெளிப்பக்க எலும்புக்கு முன்னால், சற்றுக் கீழே இருக்கும் சின்ன ஜவ்வு. அந்த இடத்தில் விரலை வைத்தாலே துள்ளுவார்கள்.

எலும்பு உடைஞ்சிருக்கான்னு வீட்டிலயே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

ஓரளவு இருக்கிறது. கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் ஒரு விதி வகுத்தார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். அடிபட்டவுடனேயும் சரி, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் சரி, நாலடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். நொண்டிக்கொண்டு வைத்தாலும் அது அடிதான், கணக்கில் சேரும்.

இரண்டாவது, விரலால் அழுத்திப் பார்ப்பது. கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பு இருக்கிறதல்லவா, அதன் நுனியிலும், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அதன் பின் ஓரத்திலும் அழுத்துங்கள். அப்புறம் பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவாக்கில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் ஒரு எலும்பு முட்டிக்கொண்டிருக்கும், அங்கே. கடைசியாகப் பாதத்தின் உள்பக்கம், வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பில். எலும்பின்மேலேயே வலி இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். எதிலும் வலியில்லை, நாலடியும் வைக்க முடிகிறது என்றால் உடைந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. சின்னக் குழந்தைகள், குடித்திருந்தவர்கள், சர்க்கரை நோயால் காலில் மரமரப்பு உள்ளவர்கள் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். கால் கோணியிருந்தாலோ, விரல்கள் மரத்து வெளுத்துப்போயிருந்தாலோ சோதனையெல்லாம் வேண்டாம், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஐஸ் வைக்கணுமா, சுடுதண்ணி ஊத்தணுமா?

முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சூடு வேண்டாம், அது வீக்கத்தைக் கூட்டும். ஐஸ் வைக்கலாம், வலி மரக்கும். துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. வெறும் ஐஸ்கட்டியைத் தோலில் வைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள்.

ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, காலைத் தூக்கி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே பிற்பாடு, முழு ஓய்வும் ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அதனால் ஐஸை வலிக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அதுதான் ஜவ்வை ஒட்ட வைக்கிறது என்று நினைக்க வேண்டாம். வீக்கம் குறைவதற்கு கிரேப் பேண்டேஜும் உயரமாகத் தூக்கி வைப்பதும் போதும். பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேலே சுற்ற வேண்டும், விரல் நீலமானாலோ ஜில்லிட்டாலோ தளர்த்திவிடுங்கள், ராத்திரி கழற்றிவிடுங்கள். தலையணை இரண்டை அடுக்கி, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கிற மாதிரி படுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டுவது அவ்வளவாக உதவாது.

எங்க ஊர்ல சுளுக்கு வழிக்கிறவர் இருக்காரு. ஒரே இழுப்புல சரியாயிருமாமே?

முதல் ஒரு வாரத்துக்கு தயவுசெய்து போகாதீர்கள். கிழிந்த ஜவ்வு ஒட்ட ஆரம்பிக்கிற நேரத்தில் முறுக்கி இழுத்தால் கிழிசல் பெரிதாகும், உள்ளே ரத்தம் கசியும். உள்ளே விரிசல் இருந்து யாரும் எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்துவிட்டால் எலும்பே விலகிப்போகும். "டக்குன்னு சத்தம் கேட்டுச்சு, உடனே சரியாச்சு" என்பார்கள். லேசான சுளுக்கு எப்படியும் நாலு நாளில் குறையும். யார் கைவைத்தாலும் குறையும்.

எண்ணெய், தைலம், நொச்சி ஒத்தடம் எல்லாவற்றையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, வீக்கம் வடிந்தபின், சுற்றியிருக்கும் தசையை இதமாக நீவிவிட்டால் இறுக்கம் தளரும், எங்கள் சிகிச்சையிலும் அது உண்டு. புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப்போடுவதில்தான் எனக்குப் பயம். போன மழைக்காலத்தில் ஓர் அம்மா காலைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார். துணியைப் பிரித்தால் பற்று காய்ந்து ஓடாகியிருந்தது, ஓரத்தை ஈரப்பஞ்சால் நனைத்து எடுக்க எடுக்கக் கீழே தோல் கொப்புளமாக எழும்பி நின்றது. சுளுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, கொப்புளப் புண் ஆற ஒரு மாதம் ஆனது. அவருக்குச் சர்க்கரையும் இருந்தது.

வலி குறைஞ்சிருக்கு, ஆனா கருநீலம் விரல் வரைக்கும் இறங்குது. உள்ளுக்குள்ள பரவுதா?

இல்லை. கிழிந்த இடத்தில் கசிந்த ரத்தம் தோலுக்கு அடியில் கீழ்நோக்கி இறங்குகிறது, அவ்வளவுதான். மூன்றாம் நாள், நான்காம் நாள் விரல் இடுக்கில் கருநீலம் தெரியும், அப்புறம் பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறையும்.

எத்தனை நாள்ல சரியாகும்? அதுவரைக்கும் நடக்கக்கூடாதா?

ஜவ்வு இழுபட்டதோடு நின்றால் ஒன்றிரண்டு வாரம். பாதி கிழிந்திருந்தால் மூன்றிலிருந்து ஆறு வாரம். முழுதாக அறுந்திருந்தால் மூன்று மாதம்கூட ஆகும், அப்போதும் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது.

நடக்கக்கூடாது என்பது பழைய பேச்சு. எலும்பில் சேதமில்லை என்று தெரிந்துவிட்டால் முதல் ஒன்றிரண்டு நாளுக்குப் பிறகு வலி தாங்குகிற அளவு காலை ஊன்ற ஆரம்பியுங்கள், வேண்டுமானால் ஒரு கைத்தடியோடு. தடியை வலிக்காத காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும், நிறையப் பேர் வலிக்கிற பக்கம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டுங்கள், கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். அளவாகச் சுமை விழுந்தால்தான் புதிதாக வளரும் நார் சரியான திசையில் அடுக்கி வரும். மூன்று வாரம் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்த கால்கள் விறைத்துப்போய்க் கெண்டைக்கால் சூம்பி வருவதைப் பார்த்திருக்கிறேன், அதைத் திருப்பிக் கொண்டுவரச் சுளுக்கைவிட அதிக நாள் பிடிக்கும்.

வலி மாத்திரை போடலாமா?

வயது வந்தவர்களுக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பான தொடக்கம். டைக்ளோஃபெனாக் ஜெல் மேலே தடவலாம், சுளுக்குக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவதுதான் தவறு. அல்சர், கிட்னி பிரச்சினை, பிபி, இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இன்னொன்று, மாத்திரை போட்டு வலி தெரியாத நேரத்தில் விளையாடப் போகாதீர்கள்.

வலியே போயிருச்சுங்க, அப்புறம் எதுக்கு எக்சர்சைஸ்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். முதல் வாரம் கட்டு, எக்ஸ்ரே, பற்று, வழிப்பு என்று எல்லாம் செய்கிறோம். ஆறாவது வாரம், உண்மையில் வேலை தேவைப்படுகிற நேரத்தில், காலை மறந்துவிடுகிறோம். ஜவ்வு வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் உணர்வுமுனைகள் அதற்குள் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அவையும் சேதமாகும். நார் தானாக ஒட்டிக்கொள்ளும், அந்த உணர்வைப் பழக்கித்தான் மீட்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் கால் பட்டதை மூளை தாமதமாக உணரும், அதற்குள் கால் மடங்கியிருக்கும். முதல் சுளுக்குக்குப் பிறகு 40 சதவீதம் பேர் வரைக்கும் நாள்பட்ட தளர்ச்சியோ வலியோ நிலைத்துவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

பத்தொன்பது வயது கபடிப் பையன் ஒருவன், "சுத்தமா வலி இல்லீங்க மேடம்" என்று வந்தான். சுவரோரமாக நல்ல காலில் நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னேன், முப்பது வினாடி அசையாமல் நின்றான். அடிபட்ட காலில் நிறுத்தினேன். ஐந்து விரல்களும் தரையைக் கவ்வின, பாதத்தின் மேல் நாண்கள் விறைத்துத் துடித்தன, நான்காவது வினாடியில் கை சுவரைப் பிடித்தது. அவனே நம்பாமல் மூன்று தடவை செய்து பார்த்தான். நீங்களும் இப்போதே செய்து பாருங்கள், சுவர் பக்கத்தில் இருக்கட்டும்.

செய்ய வேண்டியதும் அதுதான். காலையில் பல் தேய்க்கும் நேரம் முழுக்க ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி, அப்புறம் மடித்த போர்வைமேல். கூடவே குதிகாலைத் தூக்கி இறக்குவது, முதலில் இரண்டு கால், பிறகு ஒற்றைக் கால், ஒரு தடவைக்கு 15 என்று மூன்று சுற்று. வாரத்தில் ஐந்து நாளாவது, குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம்.

குத்துக்காலிட்டு உட்கார முடியல, பின்னாடி சாயுது. இப்படியே இருந்திருமா?

இருக்காது, ஆனால் தானாகவும் வராது. இந்தியன் டாய்லெட்டும் கோலமும் கேட்கிற அளவு மடக்கத்தைக் கணுக்காலிடம் வேறெந்த வேலையும் கேட்பதில்லை, அதனால் இது நம் வீடுகளில்தான் முதலில் தெரியவரும். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி வரை தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து குறித்துவையுங்கள். இதே அசைவைத் தினமும் இருபது தடவை செய்யுங்கள், வாரம் ஒருமுறை அளவெடுங்கள். மூட்டின் முன்பக்கம் ஏதோ அடைத்துக்கொண்டு முட்டுகிற மாதிரி வலித்தால் மட்டும் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

ஆங்கிள் கேப் எப்பவும் போட்டுக்கிட்டா திரும்ப பிசகாதுல்ல?

ஒருமுறை சுளுக்கியவர்கள் விளையாடும்போது இறுக்கமான கட்டுப்பட்டையோ டேப்போ போட்டுக்கொண்டால் மறுபடி சுளுக்குவது குறைகிறது, அது உண்மை. விளையாட்டுக்கும் கரடுமுரடான தரைக்கும் போடுங்கள், வீட்டில் கழற்றிவிடுங்கள். மெத்தென்ற துணிக் கேப் வெதுவெதுப்பாக இருக்கும், மடங்குவதைத் தடுக்காது. எதைப் போட்டாலும் மேலே சொன்ன ஒற்றைக்கால் பயிற்சிக்கு அது ஈடாகாது.

எக்ஸ்ரே நார்மல்னுட்டாங்க, ரெண்டு மாசமாச்சு, இன்னும் வலிக்குதே?

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, குருத்தெலும்பும் தெரியாது. இடம் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும். மூட்டுக்குள் ஆழமாக வலித்து, அவ்வப்போது சிக்கிக்கொள்கிற மாதிரி இருந்தால் தாலஸின் மேல்பரப்பில் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம். வெளி எலும்புக்குப் பின்னால் ஏதோ கயிறு நழுவி நழுவி ஏறினால் அங்கே ஓடும் தசைநாண் இடம்விட்டு வருகிறது. வலி கணுக்காலுக்கு மேலே, இரண்டு எலும்புக்கும் நடுவில் இருந்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் கூடினால், மேல் ஜவ்வில் அடி. இது ஆற ரொம்ப நாளாகும், சாதாரணச் சுளுக்கு மாதிரி நடத்தக்கூடாது. இரண்டு மாதம் பயிற்சி ஒழுங்காகச் செய்தும் இப்படி என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள், எம்ஆர்ஐ தேவையா என்று அவர் சொல்வார். பயிற்சியே செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

அடிபடவே இல்லைங்க, ராத்திரி படுத்தேன், விடிகாலைல கால் வீங்கிச் சிவந்து தொட முடியல!

யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் படிந்து வரும் கௌட்டாக இருக்கலாம். கால் கட்டைவிரலில்தான் அதிகம் வரும், கணுக்காலிலும் வரும். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் சரியான அளவு காட்டலாம், அதனால் நார்மல் என்று வந்தாலும் டாக்டர் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார். காய்ச்சலும் குளிரும் சேர்ந்திருந்தால் மூட்டுக்குள் சீழ் வைத்திருக்கலாம், அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்.

காய்ச்சல் வந்துபோனபின் இரண்டு கணுக்காலும் மணிக்கட்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டால் சிக்குன்குனியா நினைவுக்கு வரவேண்டும். 2006-இல் தமிழ்நாட்டில் பரவியபோது காலையில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் எத்தனை பேர்! அந்த மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சல் இருக்கும்போது டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது.

குதிகாலுக்கு மேல, பின்பக்கம், காலைல முதல் பத்தடி உயிர் போகுது

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நாண், அக்கிலிஸ் என்பார்கள், அதன் வலி. திடீரென்று ஓட்டத்தைக் கூட்டியவர்களுக்கும் தட்டைச் செருப்போடு நாள் முழுக்க நிற்பவர்களுக்கும் வரும். இதற்கு 1998-இல் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் சொன்ன பயிற்சி இன்றும் நடப்பில் இருக்கிறது. படி ஓரத்தில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலாலும் மேலே எழுந்து, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது. முழங்கால் நீட்டி 15 வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி அதேபோல் மூன்று சுற்று, காலை மாலை, 12 வாரம். வலி சரியாகக் குதிகால் எலும்பின்மேலேயே என்றால் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யுங்கள்.

யாரோ பின்னால் கல்லால் அடித்த மாதிரி பட்டென்று வலித்து, அதன்பின் அந்தக் காலின் குதிகாலைத் தூக்கி நிற்க முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது. அன்றைக்கே போங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாத்திரை சாப்பிடும் நாட்களில் இந்த வலி தொடங்கினால் மருந்து எழுதியவரிடம் உடனே சொல்லுங்கள்.

எனக்குச் சுகர் பதினஞ்சு வருஷமா. கால் வீங்கிச் சூடா இருக்கு, ஆனா பெருசா வலியில்லை. விட்டுரலாமா?

விடவே கூடாது. இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தெளிவாகச் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால், உணர்வு மங்கிய காலில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் ஷார்கோ பாதமாக இருக்கலாம், உள்ளே சீழாகவும் இருக்கலாம். வலி இல்லாததால் அதன்மேலேயே நடந்து நடந்து பாதத்தின் வளைவையே உடைத்துக்கொள்கிறார்கள். ஊன்றுவதை அப்போதே நிறுத்திவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ரெண்டு கணுக்காலும் சாயங்காலம் வீங்குது, வலியில்லை. சுளுக்கு எண்ணெய் தேய்க்கட்டுமா?

இது மூட்டுப் பிரச்சினையே இல்லை. நாள் முழுக்க நிற்பதால் வரலாம், பிபிக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையால் வரலாம், இதயம், கிட்னி, கல்லீரல் கோளாறாலும் வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் கெண்டைக்கால் வரை வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அங்கே நீவிவிடவே கூடாது.

பையனுக்குப் பதினோரு வயசு. சின்னப் பசங்களுக்குச் சுளுக்கு சீக்கிரம் சரியாயிரும்தானே?

வளரும் வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இருக்கும், அது ஜவ்வைவிடப் பலவீனம். பெரியவர்களுக்கு ஜவ்வு போகிற இடத்தில் இவர்களுக்கு அந்தத் தட்டு அடிபடலாம். வெளி எலும்பின்மேல் அழுத்தி வலித்தாலோ, பிள்ளை காலை ஊன்ற மறுத்தாலோ எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாவிட்டாலும் சில வாரம் அவர் பாதுகாக்கச் சொன்னால் கேளுங்கள்.

அடுத்த மாசம் போலீஸ் செலக்‌ஷன், 1500 மீட்டர் ஓடணும். இப்பத்தான் கால் பிசகுச்சு. ஓடலாமா மேடம்?

தேதியை வைத்து முடிவு செய்யாதே தம்பி, காலைக் கேட்டு முடிவு செய். அடிபட்ட காலில் கண்மூடி நிற்பது நல்ல காலுக்குச் சமமாக வரவேண்டும். ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது எண்ணிக்கையில் பக்கத்தில் வரவேண்டும். அப்புறம் ஒற்றைக் காலில் பத்து தடவை வலியில்லாமல் குதிக்க வேண்டும். மூன்றும் வந்தால் நேர்க்கோட்டில் மெதுஓட்டம், இரண்டு நாள் பார்த்து வேகம், கடைசியில்தான் எட்டு போட்டு வளைந்து ஓடுவது. ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை வீக்கம் கூடியிருக்கிறதா என்று பார், கூடியிருந்தால் முந்தைய படிக்கு இறங்கு.

மூச்சு பழகுவதை நிறுத்த வேண்டாம், சைக்கிள் மிதி, கிணறோ நீச்சல் குளமோ இருந்தால் நீந்து. அப்புறம், சுளுக்கே இல்லாமல் ஓடி ஓடியே எலும்பில் ஒரு புள்ளியில் மட்டும் வலித்து, ஓட ஓடக் கூடினால் அது எலும்பில் அழுத்த விரிசலாக இருக்கலாம். பயிற்சி எடுக்கிற பசங்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் விரிசல் முழு முறிவாகிவிடும், செலக்‌ஷன் ஒரு தடவை தள்ளிப்போனாலும் சரி, அந்தக் காலோடு ஓடாதே.